அக்கா வெட்டிய இரண்டு காடிகள்

இந்த நினைவு மலரின் அட்டையில் அக்காவின் படத்துக்குக் கீழே ஒரு கையெழுத்து இருக்கிறது. அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கிறவர் அதைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "சார், இது எந்த ஃபாண்ட்டு? எங்ககிட்ட இல்லியே" என்று கேட்டார். ஃபாண்ட் இல்லை, அக்காவே போட்ட கையெழுத்து என்றேன். "கையால போட்டதா? கோடு இவ்ளோ நேரா இருக்குதே" என்றார். அவர் நம்பவில்லை என்பது தெரிந்தது. கடையில் கூட்டம் இருந்ததால் அவருக்கு விளக்க முடியவில்லை. உங்களுக்கு விளக்கிவிடுகிறேன்.

தலைத்திவசத்துக்கு வந்திருக்கும் உறவினர்களும், வர இயலாமல் தபாலில் இந்த மலரைப் பெறுகிறவர்களும் அக்காவை வெவ்வேறு விதமாக அறிந்தவர்கள். அலுவலக நண்பர்களுக்கு அவர் வரைவாளர். எங்கள் தெருவுக்கு மிஷின் அக்கா. எனக்கு அவர் அக்கா மட்டும்தான். ஆனால் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கையொப்பம் என்று போட்டிருந்த இடத்தில் எல்லாம் அவருடைய கையெழுத்துதான் இருந்தது.

நான் நாள்தோறும் நாட்குறிப்பு எழுதுகிறவன். அக்காவுக்கு அது வேடிக்கை. "நீ நேத்து நடந்ததையே எழுதிக்கினு இரு. எனக்கு நாளைக்கு வேலை கெடக்குது" என்பார். ஆகையால் தேதிகளை அடுக்கி அவரைச் சலிப்படைய வைக்கப்போவதில்லை. நடந்ததை நடந்த வரிசையில் மட்டும் சொல்கிறேன்.

அக்கா பிறந்தது தென்னேரியில். அப்பா அங்கே பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்தார். ஏரி மதகைத் திறந்து மூடுவது அவர் வேலை. மதகின் மேலே ஒரு பெரிய திருகு இருக்கும். அதன் கைப்பிடியைச் சுற்றினால், கீழே தண்ணீருக்குள் இருக்கிற இரும்புக் கதவு கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறும். கதவு கோணாமல் ஏறுவதற்காக இரண்டு பக்கத்துச் சுவரிலும் நேரான பள்ளம் விட்டிருப்பார்கள். அதற்குக் காடி என்று பெயர். காடி அகலமானால் கதவு ஆடும், தண்ணீர் ஒழுகும். குறுகினால் கதவு சிக்கிக்கொள்ளும். இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு எழுதத் தெரியாது. சம்பள நாளில் கைநாட்டு வைப்பார். வீட்டுக்கு வந்து கட்டைவிரல் மையைக் கதவோரச் சுவரில் துடைப்பார். சுண்ணாம்புச் சுவரில் அந்த இடம் மட்டும் நீலமாக இருக்கும். அம்மா ஒவ்வொரு பொங்கலுக்கும் அதன் மேல் வெள்ளை அடிப்பார். அடுத்த மாதமே நீலம் திரும்பிவிடும். அக்கா பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, அப்பாவுக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக் கொடுக்க முயன்றிருக்கிறார். இரண்டு எழுத்து வரைக்கும் வந்தவர், "எனக்கு மதகு தொறக்கத் தெரியும், போதும்மா" என்று சிலேட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம்.

அப்பா பணியிலிருக்கும்போதே காலமானார். அக்கா அப்போதுதான் ஐ.டி.ஐ.யில் வரைவாளர் படிப்பை முடித்திருந்தார். கருணை அடிப்படையில் அதே துறையில் வேலை கிடைத்தது. அம்மாவையும் என்னையும் அழைத்துக்கொண்டு காஞ்சிபுரத்துக்குக் குடி வந்தார். அன்றிலிருந்து ஓய்வு பெறும் வரை, மாவட்டத்து ஏரிகளின் மதகுகளையும், உபரி நீர் வழியும் கலங்கல்களையும் காகிதத்தில் வரைந்துகொண்டே இருந்தார். என்னைப் படிக்க வைத்ததும், எனக்குத் திருமணம் செய்து வைத்ததும், அம்மாவைக் கடைசி வரை பார்த்துக்கொண்டதும் அவரே. தான் திருமணம் செய்துகொள்ளவில்லை. யாராவது கேட்டால், "ஜாதகம் வர்றப்பல்லாம் எங்கியாவது ஒரு மதகு இடிஞ்சிடுது, நான் என்ன பண்றது" என்பார். அதற்கு மேல் அந்தப் பேச்சை யாரும் வளர்த்ததில்லை.

ஒரு இடத்தில் இருக்க மாட்டார் என்பதை எல்லோரும் அறிவீர்கள். நின்றுகொண்டே சாப்பிடுவார். கல்யாண வீட்டில் முகூர்த்தம் முடிவதற்குள் சமையல்கட்டு, பந்தி, மொட்டை மாடி எல்லாம் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வருவார். வரைபலகையின் முன்னால் மட்டும் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். அவர் கோடு ஒன்று போடும்போது சுற்றியிருப்பவர்களும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள் என்று அவருடைய அலுவலக நண்பர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

கை நடுங்க ஆரம்பித்தது ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு. அப்போது அலுவலகத்தில் எல்லாம் கணினிக்கு மாறியிருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. ஓய்வுக்குப் பிறகு அதிகமானது. டம்ளரை எடுத்தால் காபி சிந்தும். மருத்துவர் பார்த்துவிட்டு, உயிருக்கு ஒன்றுமில்லை, ஆனால் முழுதாகப் போகவும் போகாது என்றார். குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா என்று கேட்டார். அம்மா குழம்பு ஊற்றும்போது அவர் கையில் கரண்டி ஆடும். வயசு என்று நாங்கள் விட்டுவிட்டோம். அதைச் சொன்னேன். மருத்துவர் தலையாட்டி எழுதிக்கொண்டார்.

இதுவரை எல்லாக் குடும்பங்களிலும் நடப்பதுதான். பிறகு நடந்தது வங்கியில்.

வைப்புத்தொகை ஒன்றைப் புதுப்பிக்க நானும் அக்காவும் போயிருந்தோம். கவுண்டரில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினார். "கம்ப்யூட்டர்ல இருக்கற கையெழுத்தோட சேரலைம்மா. இன்னொரு தடவை போடுங்களேன்." அக்கா போட்டார். சேரவில்லை. மறுபடியும் போட்டார். பேனா தாளைக் கிழித்தது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "பரவால்லைம்மா, கைரேகை வெச்சிடுங்க. நாங்களே சாட்சி போட்டுக்கறோம். ஒரு நிமிஷ வேலை" என்று அந்தப் பெண் மைப்பெட்டியைத் திறந்து முன்னால் வைத்தார். அக்கா கட்டைவிரலை நீட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவினார். பிறகு புளியைத் தேய்த்துக் கழுவினார். மை போன பிறகும் கழுவிக்கொண்டிருந்தார். என் மனைவி போய்த் துண்டைக் கொடுத்தாள். அக்கா வாங்கிக்கொண்டு என்னிடம் சொன்னார்:

"அப்பா கைநாட்டு வெச்சாரு. அவருக்கு எழுதத் தெரியாது. எனக்குத் தெரியும்டா. கைக்குத்தான் தெரியல."

அன்றிலிருந்து வீடு அமைதியாக இல்லை. தடிமனான பேனா வாங்கினார். மணிக்கட்டில் மணல் பை கட்டிப் பார்த்தார். இடது கையால் பழகினார். எழுதிக் கிழித்த தாள்கள் கூடத்தில் குவிந்தன. ஏ.டி.எம். அட்டை இருக்கிறதே, கைரேகை வைத்தால் என்ன, பெரிய பெரிய அதிகாரிகளே இப்போது ரேகைதான் வைக்கிறார்கள் என்று நான் சொல்லிப் பார்த்தேன். "அவங்க வெக்கறது மிஷினு கேக்கறதுக்கு. நான் வெக்கறது எழுத வரலன்னு" என்றார்.

ஒரு நாள் காலையில் என்னைக் கூப்பிட்டு, தாளையும் அளவுகோலையும் கொடுத்து, தான் சொல்லச் சொல்ல வரையச் சொன்னார். கனமான பித்தளைப் பலகை ஒன்று. அதில் நீளவாக்கில் ஒரு காடி. அந்தக் காடியில் இறுக்கமாக நகரும் ஒரு கட்டை. அந்தக் கட்டையின் மேல் குறுக்கே இன்னொரு காடி. அதில் நகரும் ஒரு சின்னக் கட்டை. சின்னக் கட்டையின் ஓட்டையில் பேனா. பேனா இடம் வலமாகவும் மேலும் கீழுமாகவும் போகும். ஆனால் அழுத்தித் தள்ளினால்தான் போகும். நடுக்கத்துக்கு அவ்வளவு பலம் கிடையாது என்பது அக்காவின் கணக்கு.

"உன் கோடு சாஞ்சிருக்குது" என்றார் பார்த்துவிட்டு. "இருந்தாலும் புரியுது. மதகுதான்டா இது. கதவுக்குப் பதிலா பேனா."

படத்தை எடுத்துக்கொண்டு பட்டறை பட்டறையாகப் போனோம். முதல் பட்டறைக்காரர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எத்தனை பீஸுக்கா?"

"ஒண்ணு."

"ஒண்ணா? ஒரு பீஸுக்கு மில்லிங் மிஷினை செட் பண்ணா என் பொழப்பு என்னாவறது? நூறு பீஸுன்னா சொல்லுங்க."

"எனக்கு ஒரு கையெழுத்துதான்பா."

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் போனால் உள்ளேயே விடவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் அக்கா இருக்கையில் உட்காராமல் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தார். வாலாஜாபாத் தாண்டும்போது, "நாமளே வெட்டிடலாம்" என்றார். நான் விளையாட்டு என்று நினைத்தேன். அடுத்த வாரம் சென்னையிலிருந்து ஒரு சின்ன லேத், அதாவது கடைசல் இயந்திரம், வந்து இறங்கியது. மேஜை மேல் வைக்கிற அளவுதான். பொழுதுபோக்குக்காக வைத்திருந்த ஒருவர் வெளிநாட்டிலிருக்கும் மகனிடம் போகிறாராம்; விற்றுவிட்டார்.

லேத் ஓட ஆரம்பித்த சில நாட்களில், எதிர்வீட்டு எத்திராஜுலுவும் தெருக்காரர்கள் இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். எத்திராஜுலு பட்டு நெய்கிறவர். வாசலில் நின்றே பேசினார்.

"தம்பி, தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க வீட்டுல பவர்லூம் ஓடுதுன்னு தெருவுல பேசிக்கினு இருக்காங்க. கைத்தறித் தெருவுல அது நல்லா இருக்குமா? நாளைக்கு யாராவது ஆபீசுக்கு எழுதிப் போட்டா எல்லாருக்கும் தொந்தரவு."

அக்கா உள்ளேயிருந்து வந்தார்.

"வாங்க, வந்து பாருங்க. எத்தனை புடவை இறங்கியிருக்குதுன்னு எண்ணிட்டுப் போங்க."

மூவரும் அறைக்குள் போய் மேஜையைச் சுற்றி நின்றார்கள். எத்திராஜுலு குனிந்து மேஜைக்கு அடியிலும் பார்த்தார்.

"இது என்னக்கா நெய்யுது?"

"இப்போதைக்குப் பித்தளைத் தூள் நெய்யுது."

அன்று சிரித்துவிட்டுப் போன எத்திராஜுலு, மறுநாளிலிருந்து தறியை விட்டு எழுந்தால் நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். கதவில் சாய்ந்துகொண்டு, "இன்னிக்கு எத்தனை முழம் ஆச்சுக்கா?" என்று கேட்பார். அக்கா திரும்பாமலே, "ஜரிகை விலை ஏறிப்போச்சுப்பா, அதான் மெதுவா நெய்யறேன்" என்பார். இது தினமும் நடந்தது.

ஆனால் அக்காவின் வேலை நகரவில்லை. லேத்தில் பொருள்தான் சுற்றும். உளி நிலையாக நிற்கும். சுற்றுகிற பொருளை வெட்டினால் உருண்டைதான் கிடைக்கும். அக்காவால் அழகான பம்பரங்கள் செய்ய முடிந்தது. தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். நேரான காடி வேண்டுமென்றால் எல்லாம் தலைகீழாக வேண்டும். பொருள் சுற்றிய இடத்தில் வெட்டி என்கிற பல்லுள்ள கருவியை மாட்டி அதைச் சுற்ற விட வேண்டும், பொருள் சுற்றாமல் நகர வேண்டும். அதற்கென்று ஒரு துணைக்கருவி உண்டு. வெர்டிகல் ஸ்லைடு என்பார்கள். உளி நிற்கிற இடத்தில், உளியைக் கழற்றிவிட்டு அதைப் பொருத்த வேண்டும். அதன் முகத்தில் பித்தளையை இறுக்கிப் பிடிக்க வேண்டும். ஒரு திருகைச் சுற்றினால் பித்தளை மேலும் கீழும் போகும். லேத்தில் ஏற்கெனவே இருக்கும் இரண்டு திருகுகள் அதை முன்னும் பின்னும் குறுக்கிலும் கொண்டுபோகும்.

கூரியரில் அது வந்தபோது என் மனைவி பெட்டியைத் தூக்க முடியாமல் கீழே வைத்துவிட்டு, "என்ன அண்ணி, சாமி சிலையா?" என்று கேட்டாள். அக்கா அவளுக்கு இப்படித்தான் விளக்கினார்:

"இத்தினி நாளு பொண்ணு சுத்திச் சுத்தி வேலை செஞ்சா, மாப்பிள்ளை அசையாம உக்காந்து வெட்டிக்கினு இருந்தாரு. இப்போ மாப்பிள்ளையைப் பொண்ணு வீட்டுல கொண்டுபோய் மாட்டியாச்சு. வீட்டோட மாப்பிள்ளை. இனிமே அவரு சுத்தணும்."

"சுத்துவாரா அண்ணி?" என்று கேட்டுவிட்டு அவள் என்னைப் பார்த்தாள்.

இனி நடந்ததைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் உட்கார முடியவில்லை. இதை எழுதும்போது இரண்டு முறை எழுந்துபோய் அந்த அறையைப் பார்த்துவிட்டு வந்தேன்.

முதல் காடி நடுவில் நன்றாகத்தான் வந்தது. அகலம் போதவில்லை. அக்கா வெர்டிகல் ஸ்லைடை மயிரிழை இறக்கி, ஒரு பக்கச் சுவரை வெட்டினார். சரியாக வந்தது. பிறகு ஸ்லைடை ஏற்றி எதிர்ப்பக்கச் சுவரை வெட்டும்போது, பழைய திசையிலேயே கைப்பிடியைச் சுற்றினார். அதுதான் பிழை. சுற்றும் வெட்டியின் பல்லுக்கு எதிராகத்தான் பொருள் போக வேண்டும். பல் போகிற திக்கிலேயே பொருளும் போனால், பல் அதைக் கவ்வித் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். எல்லாத் திருகிலும் கொஞ்சம் தொய்வு, அதாவது மரை பிடிக்காத சிறு இடைவெளி, இருக்கும். அந்தத் தொய்வு அளவுக்குப் பித்தளை ஒரே இழுப்பில் பாய்ந்தது. வெட்டி உடைந்து, துண்டு என் மனைவியின் தலைக்கு மேலே சுவரில் போய்க் குத்தியது.

யாருக்கும் எதுவும் ஆகவில்லை. எத்திராஜுலு அந்தத் துண்டைச் சுவரிலிருந்து பிடுங்கி, ஊதி, மேஜையில் வைத்தார். "தறியில நாடா பறந்து மண்டையில பட்டு பாத்திருக்கேன். இது நாடா இல்லக்கா" என்றார். அன்று அவர் முழக் கணக்குக் கேட்கவில்லை.

நான் அன்று மாலையே அக்காவிடம் பேசினேன். கை நடுங்குகிறவர்கள் தொடுகிற இயந்திரம் இல்லை இது, விற்றுவிடலாம் என்றேன். ஒருவரிடம் விலையும் பேசியிருந்தேன். அக்கா அறைக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டே கேட்டார்.

"விரல் போயிடும்னு பயப்படறியா?"

"ஆமா."

"இருக்கற பத்து விரலும் ஒரு பேரை எழுதறதுக்கு ஒதவல. போனா போவட்டும்."

"அப்படிப் பேசாதீங்கக்கா."

கொஞ்ச நேரம் நடந்தார். பிறகு என் முன்னால் வந்து நின்றார். "சரி. ரெண்டு காடி. அது ரெண்டும் வெட்டி முடிச்சிட்டேன்னா நானே வித்துடறேன். அதுக்குள்ள ஏதாவது தப்பா போச்சுன்னா நீயே தூக்கிக் குடுத்துடு."

ஒப்புக்கொண்டேன். ஆனால் வெட்டும்போது நான் உடன் இருப்பேன் என்றேன். எல்லோரும் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும் என்றேன். எத்திராஜுலுவுக்கும் ஒரு கண்ணாடி வாங்கினேன். அவர் அதைத் தறியிலும் போட்டுக்கொண்டு உட்கார்ந்து வீட்டில் திட்டு வாங்கினார்.

அடுத்த சில வாரங்கள் அக்கா எதையும் வெட்டவில்லை. தொய்வைத்தான் தேடினார். ஸ்லைடின் பக்கத்தில் இருக்கும் சின்னத் திருகுகளை ஒவ்வொன்றாக இறுக்கி, தள்ளிப் பார்த்து, மறுபடி தளர்த்தினார். நகரத் தேவையில்லாத பாகங்களை எல்லாம் அசையாமல் பூட்டினார். எந்தச் சுவருக்கு எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று லேத்தின் மேல் இரண்டு அம்புக்குறி வரைந்து ஒட்டச் சொன்னார். அம்புக்குறியை நான்தான் வரைந்தேன். இந்த முறை கோடு சாயவில்லை என்றார்.

பிறகு ஒரு நாள் காலையில் பித்தளையை வெட்ட ஆரம்பித்தார். அக்காவின் கை கைப்பிடியின் மேல் ஆடிக்கொண்டிருந்தது. கைப்பிடியும் கூடவே ஆடியது. முன்னும் பின்னுமாக, நூலளவு. ஆனால் பித்தளை ஆடவில்லை. அது தன் போக்கில் நேராக நகர்ந்துகொண்டிருந்தது. நான் குனிந்து பார்த்தேன். எனக்குப் புரியவில்லை. அக்கா கண்ணை எடுக்காமலே சொன்னார்:

"திருகுல கொஞ்சம் தொய்வு மிச்சம் இருக்குது பாரு. என் நடுக்கம் அதுக்குள்ளியே ஆடி அடங்கிடுது. அன்னிக்கு வெட்டியை ஒடைச்சது இதேதான். இன்னிக்கு என்னைக் காப்பாத்துது."

தூள் மஞ்சளாக மேஜையில் உதிர்ந்தது. எத்திராஜுலு கதவில் சாய்ந்து நின்றார். ஒரு சுவர் முடிந்தது. அக்கா அம்புக்குறியைப் பார்த்து, மறுபுறம் சுற்றினார். எனக்கு அங்கே நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. இயந்திரத்தை நிறுத்தியபோது அறை திடீரென்று பெரிதாகிவிட்டதுபோல் இருந்தது. அக்கா கட்டையை எடுத்துக் காடியில் வைத்துத் தள்ளினார். தானாகப் போகவில்லை. அழுத்தியதும் போனது. விட்ட இடத்தில் நின்றது.

"எத்தனை முழம்க்கா?" என்றார் எத்திராஜுலு, மெதுவாக.

"ஒரு பேரு நீளம்" என்றார் அக்கா.

இரண்டாவது காடியை ஒரு முறை அகலமாக வெட்டிக் கெடுத்தார். புதுக் கட்டையில் மறுபடி வெட்டினார். அது சரியாக வந்தது. அதன் பிறகு எழுதப் பழகியதுதான் நீண்ட வேலை. பேனாவைக் கட்டையோடு சேர்த்துத் தள்ளி எழுதுவதற்குக் கை புதிதாகப் படிக்க வேண்டியிருந்தது. முதலில் கோடு, பிறகு சுழி, பிறகு எழுத்து. சமையல்கட்டு மேடையில் நின்றுகொண்டே பழகினார். என் மனைவி சாம்பார் தாளிக்கும்போது தெறிக்காமல் இருக்க, தாளின் மேல் தட்டைக் கவிழ்த்து வைப்பாள்.

வங்கிக்குப் பித்தளையைத் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனோம். அதே பெண்தான் இருந்தார். அக்கா பலகையைக் கவுண்டரில் வைத்து, பேனாவைச் செருகி, கையெழுத்துப் போட்டார். அந்தப் பெண் தாளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடியும் தாளைப் பார்த்தார்.

"இப்பவும் சேரலைம்மா."

"ஏன், ஆடுதா?"

"இல்லம்மா. இது ரொம்ப நேரா இருக்குது. பழைய கையெழுத்துல கொஞ்சம் வளைவு இருக்குது."

அக்கா சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் பார்த்து வெகு நாளாகியிருந்தது. "அப்போ பழசைத் தூக்கிப் போடும்மா. இனிமே இதுதான் என் கையெழுத்து" என்றார். மாதிரிக் கையெழுத்தை மாற்றுவதற்கான விண்ணப்பத்தை அந்தப் பெண்ணே எடுத்துக் கொடுத்து, மேலாளரிடம் கூட்டிக்கொண்டு போனார். மேலாளர் எதிரிலேயே அக்கா மூன்று முறை போட்டார். மூன்றும் ஒன்றுபோல் இருந்தன.

வெளியே வரும்போது அந்தப் பெண் பின்னாலேயே வந்தார். "எங்க மாமியாருக்கும் கை ஆடும்மா. இது எங்க கெடைக்கும்?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அக்கா கேட்டார்:

"அவங்க பேரு எத்தனை எழுத்து?"

லேத்தை விற்கவில்லை. நினைவூட்டியபோது, "விக்கறேன்னு சொன்னேன். எப்போன்னு சொன்னேனா?" என்றார். அந்த மாமியாருக்கு ஒன்று செய்து கொடுத்தார். அக்காவின் அலுவலக நண்பர் ஒருவருக்கு இன்னொன்று. ஒவ்வொருவரின் பெயரையும் முதலில் தாளில் எழுதி, நீளம் அளந்து, அந்த அளவுக்குத்தான் காடி வெட்டுவார். பெரிதாக ஒன்று வெட்டிவிட்டால் எல்லாருக்கும் ஆகுமே என்று நான் கேட்டதற்கு, காடி நீண்டால் கட்டை நடுவில் ஆட ஆரம்பிக்கும் என்றார்.

அக்காவின் கடைசி நாட்கள் மிகச் சில. ஒரு நாள் காலையில் மார்பு வலி என்றார். மருத்துவமனையில் சேர்த்தோம். சிகிச்சைக்குச் சம்மதம் கேட்டுப் படிவம் நீட்டியபோது, உறவினர் கையெழுத்தே போதும் என்று செவிலியர் சொன்னார். அக்கா என்னைப் பார்த்து, "பையை எடுத்துக்கினு வந்தியா?" என்றார். என் மனைவி எடுத்து வந்திருந்தாள். நான் மறந்ததை அவள் மறக்கவில்லை. அக்கா படுத்தபடியே போட்டார். அதுவே அவர் போட்ட கடைசிக் கையெழுத்து. அட்டையில் இருப்பது அது அல்ல; சமையல்கட்டில் பழகிய தாள்களில் ஒன்றிலிருந்து எடுத்தது. உற்றுப் பார்த்தால் ஓரத்தில் எண்ணெய்க் கறை தெரியும். அச்சகத்தில் அழிக்கட்டுமா என்று கேட்டார்கள், வேண்டாம் என்றேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். இரவும் பகலும் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும். படிவத்தை நீட்டியபடி பொறுமையாகக் காத்திருந்த அந்தச் செவிலியருக்குத் தனியாகவும். தென்னேரியிலிருந்து வண்டி பிடித்து வந்த சொந்தங்களுக்கு. தோள் கொடுத்த அலுவலக நண்பர்களுக்கு. அக்காவின் இறுதிப் பயணத்தன்று தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை. யாரும் சொல்லி நிறுத்தியதல்ல. அந்த வீடுகள் அனைத்துக்கும். காரியங்கள் முடியும் வரை எங்கள் வீட்டுக்கும் சேர்த்துச் சமைத்த எத்திராஜுலு குடும்பத்தாருக்கு. என் மனைவிக்கு. எல்லாச் சடங்குகளையும் முன்னின்று நடத்திய முசரவாக்கத்துப் பெரிய மாமாவுக்கு.

பெரிய மாமா காரியத்தன்று ஒன்று கேட்டார். அவர் மட்டுமல்ல, இந்த ஓராண்டில் பலரும் கேட்டுவிட்டார்கள். "அந்த மிஷினை என்னப்பா பண்ணப் போற? சும்மாதானே கெடக்குது. நம்ம ஊர்ப் பசங்க பட்டறை வெக்கறோம்னு கேக்கறாங்க." பார்க்கலாம் மாமா என்று சொல்லியிருந்தேன். எல்லோருக்கும் சேர்த்து இங்கே பதில் சொல்லிவிடுகிறேன்.

ஆடி மாதம் முதல் என் நாட்குறிப்பின் எழுத்து மாறிவருகிறது. முதலில் பேனா சரியில்லை என்று மாற்றினேன். பிறகு காபி டம்ளர் தட்டில் வைக்கும்போது சத்தம் போட ஆரம்பித்தது. மருத்துவரிடம் போனேன். குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா என்று அவர் கேட்கவில்லை. அவருக்கே நினைவிருந்தது.

இந்தக் கட்டுரையை முடித்துவிட்டு, கீழே கையெழுத்துப் போடுவதற்காக அக்காவின் பித்தளைப் பலகையை எடுத்து வைத்தேன். பேனாவைச் செருகித் தள்ளினேன். கோடு நேராகத்தான் போனது. ஆனால் அது அக்காவின் பெயர் அளவுக்கு வெட்டிய காடி. என் பெயர் அதைவிட இரண்டெழுத்து நீளம். கட்டை சுவரில் முட்டி நின்றுவிட்டது.

எத்திராஜுலு கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாங்கித் தந்த கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார்.

லேத் விற்பனைக்கு இல்லை.